சர்வரில் ஸ்னாப்ஷாட் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாக எங்கே பார்ப்பது

லினக்ஸ் சர்வர்களில் ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் டேட்டா இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் பிரதி) சிக்கல்களைப் பல வருடங்களாகச் சரிசெய்து வருகிறேன். திரும்பத் திரும்ப வருவது பத்துக்கும் குறைவான அறிகுறிகள்தான், அவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஸ்னாப்ஷாட் எடுக்கும் எல்விஎம் (டிஸ்க்கை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிப்பது), இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் (இரண்டும் கோப்பு முறைமைகள்) மூன்றும் கலந்தே வரும். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டை பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டுங்கள், கோப்பு முறைமையின் வகை அதிலேயே தெரியும். இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் என்று வந்தால் சர்வருக்குள் எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் எல்விஎம் வழியாக இருக்கும், எல்விஎம் வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் ஓட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். நான் பார்த்த பெரிய இழப்புகள் பெரும்பாலும் இரண்டாவது கமாண்டில்தான் நேர்ந்தன. முதலில் ஒரு சின்னப் பிழை வரும், அதைப் பார்த்துப் பதறி எதையோ அழிப்பார்கள், போனது போனதுதான். அதனால் முதலில் படிக்க மட்டும் செய்யும் கமாண்டுகளை ஓட்டுங்கள், வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள், அப்புறம் கை வையுங்கள்.

## அறிகுறி 1: கோப்புகளை அழித்தேன், இடம் திரும்பவில்லை

இதுதான் அதிகம் வருவது. டிஸ்க் 95 சதவீதம் நிரம்பியிருக்கும், யாரோ பழைய லாக் கோப்புகளை அழித்திருப்பார்கள், டிஎஃப் அசையாது. இன்னும் கொஞ்சம் அழிப்பார்கள், அப்போதும் அசையாது. ஒரு முறை நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று வருடத்து அறிக்கைகளையே அழித்து வைத்திருந்தார்கள், ஒரு மெகாபைட்கூடத் திரும்பியிருக்கவில்லை. எல்லாம் ஸ்னாப்ஷாட்டுக்குள் பத்திரமாக இருந்ததால்தான் இடம் திரும்பவில்லை, அதனால்தான் அன்று எல்லாவற்றையும் மீட்கவும் முடிந்தது. இடத்தைக் காலி செய்யும் அவசரத்தில் அந்த ஸ்னாப்ஷாட்டையும் அழித்திருந்தால் மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

முதல் சந்தேகம், செலவே இல்லாதது: ஏதோ ஒரு ப்ராசஸ் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறதா? எல்எஸ்ஓஎஃப் கமாண்டை '+எல்1' ஆப்ஷனோடு ஓட்டினால், அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகள் வரும். பட்டியலில் பெரிய கோப்பு இருந்தால் அந்த சர்வீஸை மறுதொடக்கம் செய்யுங்கள், இடம் வந்துவிடும். இதற்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் முதலில் இதைப் பார்க்காமல் ஸ்னாப்ஷாட்மீது கை வைக்காதீர்கள்.

இசட்எஃப்எஸ் என்றால்: 'இசட்எஃப்எஸ் லிஸ்ட்' கமாண்டில் சின்ன ஓ ஆப்ஷனுக்கு 'ஸ்பேஸ்' என்று கொடுங்கள். ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் (இசட்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் தனித்தனிப் பகுதி) ஸ்னாப்ஷாட்கள் பிடித்திருக்கும் இடம் தனிப் பத்தியாக வரும். அதில் பெரிய எண் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று. ஸ்னாப்ஷாட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத்துக்கு அருகிலேயே வராது. ஏனென்றால் அங்கே தெரிவது அந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டுமே வைத்திருக்கும் டேட்டா. இரண்டு ஸ்னாப்ஷாட்கள் பகிர்ந்து வைத்திருப்பது எதன் கணக்கிலும் வராது. எல்லாம் சில மெகாபைட் என்று காட்டும், மொத்தம் 400 ஜிகாபைட் போயிருக்கும். இதற்குச் சரியான வழி, 'இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய்' கமாண்டை என், வி என்ற இரண்டு ஆப்ஷன்களோடு, முதல் ஸ்னாப்ஷாட் பெயருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட் பெயருக்கும் நடுவே சதவீதக் குறி போட்டு ஓட்டுவது. என் இருப்பதால் எதுவும் அழியாது, அந்த வரிசை முழுவதும் போனால் எவ்வளவு இடம் திரும்பும் என்று மட்டும் சொல்லும். அந்த என் ஆப்ஷன் இருக்கிறதா என்று என்டர் தட்டும் முன் இரண்டு முறை பாருங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என்றால்: ஸ்னாப்ஷாட்டை அழித்த உடனே இடம் திரும்பாது. அழிப்பு பின்னணியில்தான் நடக்கும், பெரிய சப்வால்யூம் (பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் தனிப் பகுதி) என்றால் மணிக்கணக்காகும். 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் சிங்க்' ஓட்டிக் காத்திருங்கள், அது முடிந்தபின் டிஎஃப் பாருங்கள். இன்னொரு காரணம், யாராவது டீஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்று சேர்ப்பது) ஓட்டியிருப்பார்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் டீஃப்ராக் செய்தால் ஸ்னாப்ஷாட்டோடு பகிர்ந்திருந்த டேட்டா தனிப் பிரதியாகிவிடும், இடம் ஒரே இரவில் இரட்டிப்பாகலாம். ஸ்னாப்ஷாட் வைத்திருக்கும் சர்வரில் தானாக ஓடும் டீஃப்ராக் ஏதேனும் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

எல்விஎம் தின் பூல் (பல வால்யூம்கள் தேவைக்கேற்ப இடம் எடுக்கும் பொது இருப்பு) என்றால்: கோப்பை அழித்தது கோப்பு முறைமைக்குத் தெரியும், பூலுக்குத் தெரியாது. எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினால்தான் பூலுக்கு இடம் திரும்பும், அதுவும் எந்த ஸ்னாப்ஷாட்டும் பிடித்திராத பகுதி மட்டும்.

## அறிகுறி 2: டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டது, அழிக்கவும் விடமாட்டேன் என்கிறது

பதறவைக்கும் நிலைமைதான், ஆனால் பெரும்பாலும் மீளக்கூடியது. முதலில் எழுதிக்கொண்டிருக்கும் சர்வீஸ்களை நிறுத்துங்கள். நீங்கள் ஒரு பக்கம் இடம் தேட, டேட்டாபேஸ் இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது.

இசட்எஃப்எஸ்ஸில் இடமில்லை என்று வருவது பூலா (டிஸ்க்குகளின் மொத்த இடம்), கோட்டாவா (ஒரு டேட்டாசெட்டுக்கு வைத்த வரம்பு) என்று பிரித்துப் பாருங்கள். டேட்டாசெட்டுக்கு கோட்டா வைத்திருந்தால் ஸ்னாப்ஷாட்கள் பிடிக்கும் இடமும் அதில் சேரும், அதனால் பயனர் எல்லாவற்றையும் அழித்த பின்பும் கோட்டா நிரம்பியே இருக்கும். ரெஃப்கோட்டா என்பதற்கு மாற்றினால் ஸ்னாப்ஷாட் கணக்கில் வராது. பூலே நிரம்பியிருந்தால் கோப்புகளை அழிக்க முயல வேண்டாம், ஸ்னாப்ஷாட்டில் உள்ள கோப்பை அழிப்பதால் இடம் வரப்போவதில்லை. இசட்எஃப்எஸ் இப்படிப்பட்ட நேரத்துக்காகவே கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கும், அதனால் ஸ்னாப்ஷாட்டை அழிப்பது பெரும்பாலும் நடக்கும். பழையதிலிருந்து ஒவ்வொன்றாக அழியுங்கள், அதுவும் வேறு சர்வரில் பிரதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் டிஎஃப் இடம் இருப்பதாகக் காட்டும், எழுதப் போனால் இடமில்லை என்று வரும். டிஎஃப்பை விட்டுவிட்டு 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' பாருங்கள். ஒதுக்கப்படாத இடம் பூஜ்யமாகவும் மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற பதிவு) நிரம்பியும் இருந்தால் விஷயம் அதுதான். பேலன்ஸ் (டேட்டாவை மறுபடி அடுக்கி இடத்தை விடுவிப்பது) ஓட்டும்போது டேட்டா யூசேஜ் வடிகட்டியை முதலில் 0 என்று வையுங்கள், அப்புறம் 5, 10 என்று மெல்ல ஏற்றுங்கள். வடிகட்டி இல்லாமல் முழு பேலன்ஸ் ஓட்டினால் அது நாள்கணக்கில் ஓடும், நிரம்பிய டிஸ்க்கில் பாதியில் தோற்றும் போகும். 0 கூட முடியவில்லை என்றால் தற்காலிகமாக இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து, பேலன்ஸ் செய்து, இடம் வந்தபின் அதை முறையாக நீக்கலாம். 'டிவைஸ் ரிமூவ்' முடியும் முன் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள்.

கோப்பு முறைமை தானாகவே படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறி, மறுபடி மவுண்ட் செய்தாலும் அப்படியே மாறினால், அங்கே நிறுத்துங்கள். டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பதுதான் அடுத்த வேலை, அதுவும் முடியாவிட்டால் சேமிப்பகத்தில் அனுபவம் உள்ள ஒருவரை அழையுங்கள்.

## அறிகுறி 3: ஸ்னாப்ஷாட்டை அழிக்கப் போனால் மறுக்கிறது

இசட்எஃப்எஸ்ஸில் 'டேட்டாசெட் பிஸி' என்று வந்தால் முதலில் ஹோல்டு (ஸ்னாப்ஷாட்டை அழிக்க விடாத பூட்டு) இருக்கிறதா என்று பாருங்கள். 'இசட்எஃப்எஸ் ஹோல்ட்ஸ்' ஓட்டினால் பெயரோடு வரும். பேக்கப் மென்பொருள் ஒரு பிரதி எடுக்கும்போது ஹோல்டு போடும், பாதியில் நின்றால் அது அப்படியே தங்கிவிடும். எந்த வேலை போட்டது என்று தெரிந்துகொண்டு, அது இப்போது ஓடவில்லை என்று உறுதியானபின் ரிலீஸ் செய்யுங்கள்.

குளோன் (ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய, எழுதக்கூடிய பிரதி) இருக்கிறது என்று பிழை வந்தால், அதே செய்தியில் பெரிய ஆர் ஆப்ஷன் போட்டால் அழியும் என்று யோசனையும் சொல்லும். தயவுசெய்து அதை அப்படியே நகலெடுத்து ஓட்டாதீர்கள். அது குளோனையும் சேர்த்து அழித்துவிடும், அந்தக் குளோன்மீது யாரோ ஒரு சோதனை சர்வரை ஆறு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். குளோன் தேவை, மூல டேட்டாசெட் வேண்டாம் என்றால் 'ப்ரமோட்' செய்யுங்கள்; ஸ்னாப்ஷாட் குளோனின் பக்கம் போய்விடும், மூலத்தை அழிக்கலாம். இரண்டுமே தேவை என்றால் ஸ்னாப்ஷாட்டும் இருந்தே ஆக வேண்டும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் 'டைரக்டரி நாட் எம்டி' என்று வந்தால் உள்ளே இன்னொரு சப்வால்யூம் இருக்கிறது. பட்டியலிட்டு உள்ளே இருப்பதை முதலில் அழியுங்கள்.

## அறிகுறி 4: எல்விஎம் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிட்டது

பழைய பாணி எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு எடுக்கும்போதே ஓர் அளவு கொடுக்கிறோம். மூல வால்யூமில் நடக்கும் மாற்றங்கள் அந்த அளவைத் தாண்டிய நொடியில் ஸ்னாப்ஷாட் செத்துவிடும். எல்விஎஸ் கமாண்டின் அட்ரிப்யூட் பத்தியில் 5ஆவது எழுத்து பெரிய 'ஐ' ஆக இருந்தால் இதுதான். மீட்க வழியில்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம். மூல வால்யூமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செத்ததை அழித்துவிட்டு, பெரிய அளவில் புதிதாக எடுங்கள்.

இது திரும்பத் திரும்ப நடந்தால் எல்விஎம் அமைப்புக் கோப்பில் ஸ்னாப்ஷாட் ஆட்டோ எக்ஸ்டெண்ட் த்ரெஷோல்டு என்ன என்று பாருங்கள். இயல்பு மதிப்பு 100, அதன் பொருள் தானாக வளர்வது நிறுத்தப்பட்டிருக்கிறது. 70 என்று மாற்றினால் 70 சதவீதம் நிரம்பியதும் வளரத் தொடங்கும். ஆனால் வால்யூம் குரூப்பில் காலி இடம் இருக்க வேண்டும், கண்காணிக்கும் டிஎம்ஈவென்ட்டியும் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை.

தின் பூல் நிரம்புவது இதைவிட ஆபத்து. இங்கே பாதிக்கப்படுவது ஸ்னாப்ஷாட் மட்டும் இல்லை, அந்தப் பூலில் உள்ள எல்லா வால்யூம்களும். இயல்பு அமைப்பில் பூல் நிரம்பியதும் எழுதும் கோரிக்கைகளை 60 விநாடி காக்க வைத்து, அப்புறம் பிழை திருப்பும். எல்விஎஸ்ஸில் டேட்டா சதவீதத்தோடு மெட்டாடேட்டா சதவீதத்தையும் பார்க்க வேண்டும். டேட்டா 60இல் இருக்கும்போது மெட்டாடேட்டா நிரம்பிய சர்வரை நான் பார்த்திருக்கிறேன், நூற்றுக்கணக்கான ஸ்னாப்ஷாட் வைத்திருந்தார்கள். நிரம்பும் முன் எல்விஎக்ஸ்டெண்ட் மூலம் மெட்டாடேட்டாவை வளர்த்தால் ஐந்து நிமிட வேலை. நிரம்பி, பூலே ஆக்டிவேட் ஆகாமல், சோதனை தேவை என்று வந்தால் நிறுத்துங்கள். பழுது நீக்கும் கருவி இருக்கிறது, ஆனால் டிஸ்க்கின் முழு நகல் எடுக்காமல் அதை ஓட்டக்கூடாது. இதை முன்பு செய்தவரை அழைப்பதுதான் நல்லது.

## அறிகுறி 5: ஸ்னாப்ஷாட் மவுண்ட் ஆகவில்லை

எக்ஸ்எஃப்எஸ் என்றால் பத்தில் ஒன்பது முறை யூயூஐடி (கோப்பு முறைமையின் தனி அடையாள எண்) மோதல்தான். மூலமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே யூயூஐடி வைத்திருப்பதால் எக்ஸ்எஃப்எஸ் மறுக்கும். மவுண்ட் கமாண்ட் சொல்லும் பிழை 'சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது' என்கிற மாதிரி பயமுறுத்தும், உண்மைக் காரணம் கெர்னல் லாகில் இருக்கும். 'நோயூயூஐடி' ஆப்ஷன் கொடுத்து மவுண்ட் செய்யுங்கள். எழுத முடியாத ஸ்னாப்ஷாட் என்றால் கூடவே ஆர்ஓ, 'நோரெக்கவரி' இரண்டும் தேவை. இஎக்ஸ்டி4க்கு அதே இடத்தில் 'நோலோட்'. அந்த 'சூப்பர்பிளாக்' பிழையைப் பார்த்துவிட்டு ரிப்பேர் கருவியை ஓட்டிவிடாதீர்கள், அங்கே எதுவும் கெட்டிருக்காது.

தின் ஸ்னாப்ஷாட்டின் டிவைஸே இல்லை என்று வந்தால், அது இயல்பாகவே ஆக்டிவேட் ஆகாமல் இருக்கும்படி குறிக்கப்பட்டிருக்கும். எல்விசேஞ்ச் கமாண்டில் பெரிய கே ஆப்ஷனையும் சேர்த்து ஆக்டிவேட் செய்தால் வந்துவிடும்.

பிடிஆர்எஃப்எஸ் இருக்கும் வால்யூமை எல்விஎம் மூலம் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் மட்டும் கவனம். ஒரே யூயூஐடியோடு இரண்டு டிவைஸ்கள் ஒரே சர்வரில் தெரிந்தால் பிடிஆர்எஃப்எஸ் எதில் எழுதுகிறோம் என்று குழம்பி மூலத்தையே கெடுத்துவிடலாம். அந்த ஸ்னாப்ஷாட்டை அங்கே மவுண்ட் செய்யவே செய்யாதீர்கள்.

## அறிகுறி 6: ஸ்னாப்ஷாட் இருக்கிறது, உள்ளே ஃபோல்டர் காலி

மீட்கப் போகும் நேரத்தில்தான் இது தெரியவரும், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் சப்வால்யூமுக்குள் இறங்காது. ஃபோல்டர் போலவே தெரியும் அந்த இடம் சப்வால்யூமாக இருந்தால், ஸ்னாப்ஷாட்டில் அது வெறும் காலி ஃபோல்டராக நிற்கும். ஒரு சர்வரில் தினமும் தவறாமல் ஸ்னாப்ஷாட் ஓடியது, லாகில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் பயனர்கள் பதிவேற்றிய கோப்புகள் இருந்த ஃபோல்டர் மட்டும் எல்லா ஸ்னாப்ஷாட்டிலும் காலி. நிறுவிய நாளில் யாரோ அதைத் தனி சப்வால்யூமாக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த சர்வரைக் கையில் வாங்கினாலும் முதல் நாளே 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் லிஸ்ட்' ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிடுகிறேன். இன்றே நீங்களும் ஓட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான்.

இசட்எஃப்எஸ்ஸில் இதே கதை குழந்தை டேட்டாசெட்டுகளுக்கு. எடுக்கும்போது சின்ன ஆர் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் மேல்நிலை மட்டும்தான் கிடைக்கும்.

கோப்பு ஒன்றிரண்டுதான் வேண்டும் என்றால் ரோல்பேக் (எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புவது) செய்யாதீர்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு இசட்எஃப்எஸ்ஸில் ரோல்பேக் செய்தால் அதற்குப் பின் எடுத்த ஸ்னாப்ஷாட்கள் எல்லாம் அழியும். டேட்டாசெட்டின் வேரில் புள்ளியோடு தொடங்கும் இசட்எஃப்எஸ் என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கிறது. எல்எஸ் பட்டியலில் காட்டாது, பெயரைத் தட்டச்சு செய்து உள்ளே போகலாம். தேவையான கோப்பை அங்கிருந்து நகலெடுங்கள்.

## அறிகுறி 7: ஸ்னாப்ஷாட் வந்தபின் சர்வர் மெதுவாகிவிட்டது

பழைய பாணி எல்விஎம் என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூலத்தில் ஒரு பகுதியை முதல் முறை மாற்றும்போது பழையதை ஸ்னாப்ஷாட்டுக்கு நகலெடுத்துவிட்டுத்தான் எழுதும், மூன்று ஸ்னாப்ஷாட் இருந்தால் மூன்று நகல். பேக்கப் முடிந்ததும் அழியுங்கள், நாள்கணக்கில் வைத்திருக்க அது செய்யப்படவில்லை.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் கோட்டா குரூப் இயங்குகிறதா பாருங்கள். நிறைய ஸ்னாப்ஷாட்டோடு சேர்ந்தால் அழிக்கும் நேரத்தில் சர்வரே உறைந்தது போல ஆகும். தேவையில்லை என்றால் கோட்டாவை நிறுத்துங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இசட்எஃப்எஸ் என்றால் பூல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி, 80 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது என் பழக்கம்.

## அறிகுறி 8: இரவு எடுக்க வேண்டியது எடுக்கப்படவில்லை

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) ஓட்டினால் இல்லை என்றால் பாத் என்ற மாறியை (கமாண்டுகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) பாருங்கள். கிரானின் பாத்தில் எஸ்பின் அடைவு பொதுவாக இருக்காது, எல்விஎம், இசட்எஃப்எஸ் கமாண்டுகள் அங்கேதான் இருக்கும். முழுப் பாதை கொடுங்கள். அடுத்து, அதே பெயரில் ஸ்னாப்ஷாட் ஏற்கெனவே இருக்கிறதா, வால்யூம் குரூப்பில் காலி இடம் பூஜ்யமா என்று பாருங்கள். வேறு சர்வருக்கு இன்க்ரிமென்டல் (மாறியதை மட்டும்) அனுப்புவது நின்றிருந்தால், இரண்டு பக்கமும் பொதுவாக இருந்த ஸ்னாப்ஷாட்டை உங்கள் பழையதை அழிக்கும் ஸ்க்ரிப்டே அழித்திருக்கும். பொதுவானது ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் முழுதாக மீண்டும் அனுப்புவதைத் தவிர வழியில்லை. இனிமேல் இசட்எஃப்எஸ்ஸில் அனுப்பியதும் புக்மார்க் (ஸ்னாப்ஷாட்டின் இடத்தை நினைவில் வைக்கும் குறி) ஒன்று போட்டுவிடுங்கள், அது இடமே பிடிக்காது, மூலத்தில் ஸ்னாப்ஷாட் போனாலும் அதை வைத்துத் தொடரலாம். பெறும் பக்கம் மாறிவிட்டது என்று பிழை வந்தால் அங்கே ரீட்ஒன்லி வைக்கவில்லை என்று பொருள்.

## அறிகுறி 9: ஸ்னாப்ஷாட்டிலிருந்து டேட்டாபேஸ் எழவில்லை

போஸ்ட்கிரெஸ் என்றால், டேட்டா ஒரு வால்யூமிலும் 'வால்' கோப்புகள் (மாற்றங்களை முன்கூட்டியே பதிந்து வைப்பவை, WAL) இன்னொன்றிலும் இருந்து, இரண்டையும் ஒரே கணத்தில் எடுக்காமல் விட்டிருப்பீர்கள். மின்சாரம் போனால் எழுவது போல ஒரே கணத்து ஸ்னாப்ஷாட்டிலிருந்து அது எழும், வெவ்வேறு கணத்து ஸ்னாப்ஷாட்களை ஒட்டவைத்தால் எழாது. இசட்எஃப்எஸ்ஸில் சின்ன ஆர் ஆப்ஷனோடு எடுத்தால் எல்லாம் ஒரே கணத்தில் நடக்கும், பிடிஆர்எஃப்எஸ்ஸில் இரண்டு சப்வால்யூமுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் ரீட் லாக் (எழுதவிடாத பூட்டு) போட்டு எடுக்கிறீர்கள் என்றால், லாக் போட்ட அந்த இணைப்பு ஸ்னாப்ஷாட் முடியும்வரை திறந்திருக்க வேண்டும். ஸ்க்ரிப்டில் ஒரு வரியில் லாக், அடுத்த வரியில் ஸ்னாப்ஷாட் என்று எழுதினால் முதல் வரி முடிந்ததும் லாக் போய்விடும், இதை நிறைய ஸ்க்ரிப்டுகளில் பார்க்கிறேன்.

எழாத பிரதியில் எதையும் சோதிக்கும் முன் அந்த ஸ்னாப்ஷாட்டின் குளோனில் சோதியுங்கள். வால் கோப்புகளைக் கையால் அழிக்கச் சொல்லும் யோசனைகளைப் பின்பற்றாதீர்கள். அந்தப் பிரதி ஒன்றுதான் இருக்கிறது என்றால் டேட்டாபேஸ் நிர்வாகி ஒருவர் வரும்வரை தொடாமல் வையுங்கள்.

## எந்த அறிகுறியானாலும், இவை தெரிந்தால் நிறுத்துங்கள்

கெர்னல் லாகில் டிஸ்க் படிப்புப் பிழைகள். ஸ்மார்ட் (டிஸ்க்கின் சுய பரிசோதனை) அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் பகுதி) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் 'பேரன்ட் ட்ரான்ஸ்ஐடி' பொருந்தவில்லை என்ற செய்தி. அப்போது செக் கமாண்டை ரிப்பேர் ஆப்ஷனோடு ஓட்டவே கூடாது, மிச்சம் இருப்பதையும் அது கெடுத்துவிடலாம். இசட்எஃப்எஸ் பூல் இம்போர்ட் ஆகாதது. இவற்றில் எது வந்தாலும் எழுதுவதை நிறுத்தி, டிடிரெஸ்க்யூ மூலம் டிஸ்க்கை வேறொன்றுக்கு முழுதாக நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால் அந்த நகலையும் நீங்கள் எடுக்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்தி டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' காட்டும் நிரந்தரப் பிழைப் பட்டியலில் உள்ள கோப்புகள் எல்லாம் ஸ்னாப்ஷாட் பெயரோடு மட்டுமே வந்தால், பிழை அந்தப் பழைய பிரதியில்தான் இருக்கிறது. இப்போதைய கோப்பு நன்றாக இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டு அந்த ஸ்னாப்ஷாட்டை அழியுங்கள், அப்புறம் ஸ்க்ரப் (பூலில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள். ஒரு ஸ்க்ரப்பில் பட்டியல் காலியாகாவிட்டால் பயப்பட வேண்டாம், முந்தைய ஸ்க்ரப்பின் பிழைகளையும் அது வைத்திருக்கும், இரண்டாவது முடிந்ததும் போய்விடும். அதற்குப் பிறகும் புதிய பெயர்கள் வந்தால் மெமரி, கேபிள், கன்ட்ரோலர் என்று வன்பொருள் பக்கம் ஆளை அழைத்துக் காட்டுங்கள்.